பதினொரு வண்டிகள்

மஞ்சள் எச்சரிக்கை காலையிலேயே வந்துவிட்டது.
உச்சியில் ஆரஞ்சு.
மூன்றே முக்காலுக்குச் சிவப்பு.
தலைமை அலுவலகத்திலிருந்து ஹல்பெரா
"இறக்கிவிடு" என்றாள்.
இறக்கினேன்.

மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில்
குறுக்கே விழும் ஓர் இரும்புக் கழி,
ஒரு சிவப்பு விளக்கு, ஒரு கொட்டகை.
ஐஸ்லாந்து வரைபடத்தில்
என் ராஜ்ஜியத்துக்குப் பெயர் கிடையாது.

வானமோ அந்நேரம்
கழுவிக் கவிழ்த்த பீங்கான் போலிருந்தது.
அதுதான் சங்கடம்.
"எங்கேம்மா உன் புயல்?"
மீன் லாரிக்காரர் கொல்பெய்ன்
கண்ணாடியை இறக்கிக் கேட்டார்,
நான்தான் அதை எங்கோ ஒளித்துவைத்திருப்பது போல.
"பன்னிரண்டு டன் மீன்.
விடிவதற்குள் துறைமுகம் சேராவிட்டால் நாறிப்போகும்."
"மீன் செத்து இரண்டு நாளாகிறது கொல்பெய்ன்,
உங்களுக்கு என்ன அவசரம்?"
அதன்பின் அவர் பேசவில்லை.
திட்டினார்; அது பேச்சில் சேராது.

இரண்டாவது வண்டியில்
மெல்லிய கோட்டு அணிந்த தேனிலவு ஜோடி.
மூன்றாவதில் ஒரு செல்லோவும் அதை வாசிக்கிறவளும்.
நான்காவதில், பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு
வாடகைக்குப் போகும் செம்மறிக் கிடா,
மாப்பிள்ளை மிடுக்கோடு.

எல்லோருக்கும் ஒரே பாட்டு:
வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்துங்கள்.
கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள்,
இல்லையேல் கதவு கடலுக்குப் போய்விடும்.
புகைக்குழாயைப் பனி மூடவிடாதீர்கள்.
நடந்தே போய்விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.
உள்ளே அடுப்பு இருக்கிறது. காபி சுமார்தான்.

ஆறாவது வண்டி
தானாகவே என்ஜினை அணைத்தது.
ஹாரன் இல்லை, கேள்வி இல்லை.
டாகுர்.

போன நவம்பரில்
இதே இடத்தில் கெஞ்சினார்.
மகளுக்குப் பிறந்தநாள், பின்சீட்டில் கேக்.
"பத்தே நிமிஷம். புயலுக்கு முன்னால் ஓடிவிடுவேன்."
கழி பாதி இறங்கியிருந்தது.
ஏற்றினேன்.

மீட்புக் குழுவுக்கு ஒன்பது மணி நேரமாயிற்று
அவரைக் கண்டெடுக்க.
வலக்கையில் மூன்று விரல்களை எடுத்தார்கள்.
கேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்று
பிற்பாடு யாரோ சொன்னார்கள்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இன்று கொட்டகைக்குள் வந்து
ஃபிளாஸ்க்கை என்னிடம் நீட்டினார்.
"மூடி இறுகிப்போச்சு."
திறந்து கொடுத்தேன்.
ஆளுக்குப் பாதி குடித்தோம்.

ஆறரைக்கு வந்தது.
வந்தது என்றால்,
முதலில் மலை காணாமல் போனது,
பிறகு விளக்கு,
பிறகு கழி,
பிறகு வாசலில் நீட்டிய என் கை.
வினாடிக்கு நாற்பத்தொரு மீட்டர் என்றது கருவி.
அதற்கப்புறம் கருவி எதுவும் சொல்லவில்லை.
யார் வீட்டு டிராம்போலினோ
ஜன்னலை உரசிக்கொண்டு போயிற்று.
கொல்பெய்ன் உள்ளே வந்து
கிடாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்,
அதன் கழுத்தில் கையைப் புதைத்துக்கொண்டு.
செல்லோக்காரி வாசிப்பாள் என்று
எல்லோரும் எதிர்பார்த்தோம்.
அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு
குறட்டை விட்டாள்.

காலை ஏழு, இன்னும் இருட்டு.
"ஏற்றலாம்" என்றாள் ஹல்பெரா.
பனி அள்ளும் வண்டி முன்னே போயிற்று.
நின்றவை பதினொன்று. போனவை பதினொன்று.
பதிவேட்டில் எழுதினேன்: சம்பவம் ஏதுமில்லை.
ஒன்றுமே நடக்காததற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று
நாளைக்கு யாராவது கேட்பார்கள்.
கொல்பெய்ன் இப்போதே கேட்டுவிட்டுப் போனார்,
கோட்டெல்லாம் ஆட்டு ரோமத்தோடு.

கடைசியாகக் கிளம்பியவர் டாகுர்.
கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.
"அடுத்தது எப்போ?"
"வியாழக்கிழமை," என்றேன்,
"இப்போதைக்கு மஞ்சள்."